குடும்ப மருத்துவ ஓ.பி.யில் (புறநோயாளிப் பிரிவில்) பிசிஷியன் அசிஸ்டென்ட் (பி.ஏ.) மாணவர் எதைக் கற்க வேண்டும்?

கேள்வி: பி.ஏ. மாணவி, புதுச்சேரி

அனைவருக்கும் வணக்கம். மருத்துவருக்கு உதவியாளராகப் பணியாற்றுவதற்கான பிசிஷியன் அசிஸ்டென்ட் படிப்பில் இறுதியாண்டுப் பயிற்சியில் இருக்கிறேன். இதய அறுவைப் பிரிவிலும் தீவிர சிகிச்சைப் பிரிவிலும் பயிற்சி முடிந்து, இப்போது கடலூரில் ஒரு குடும்ப மருத்துவரிடம் போஸ்டிங். முன்பு இருந்த இடங்களில் ஒவ்வொரு நோயாளிக்கும் தெளிவான நோய்ப்பெயர் இருந்தது, செய்ய வேண்டிய வேலையும் தெரிந்தது. இங்கே சர்க்கரை, பிரஷர், மூட்டுவலி, தூக்கமின்மை எல்லாவற்றையும் ஒருவரே சொல்கிறார்; அதற்குள் அடுத்தவர் வந்துவிடுகிறார். மருத்துவர் பொறுமையாகச் சொல்லித்தருபவர்தான், ஆனால் கூட்டம் அதிகம். அவருடைய வேலை தடைப்படாமல் நான் எதை, எப்படிக் கற்றுக்கொள்வது?

பதில்: குடும்ப மருத்துவர், கடலூர்

வணக்கம் அம்மா. நோயாளி கொண்டுவரும் மாத்திரைப் பையிலிருந்து தொடங்குங்கள். உங்கள் மருத்துவரிடம் அனுமதி பெற்று, நோயாளி காத்திருக்கும் நேரத்திலேயே அட்டைகளை எல்லாம் மேசையில் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். கம்பெனி வைத்த பெயரை விட்டுவிட்டு, மருந்தின் பெயரையும் மில்லிகிராமையும் படியுங்கள். கடையில் அட்டையை வெட்டிக் கொடுத்திருந்தால் பெயர் பாதியில் நின்றுபோயிருக்கும், அப்போது பழைய சீட்டைக் கேளுங்கள். தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021இல் தொடங்கிய பிறகு பலருக்கு மாத்திரை வீட்டுக்கே வருகிறது. அதில் வந்த மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையும், தனியாரிடம் காட்டி வேறு பெயரில் வாங்கிய மெட்ஃபார்மினும் ஒரே பையில் கிடக்கும். இரண்டையும் விழுங்கிவிட்டு வயிற்றுப்போக்கு என்று வருவார்கள்.

அடுத்து, அவர் முதல் வாய்ச் சோறு எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறார் என்று கேளுங்கள். தேவனாம்பட்டினத்தில் விடியுமுன் படகேறுபவருக்கு, சர்க்கரையை இறக்கும் கிளிமிபிரைடு மாத்திரையை எழுதி, 'காலையில் சாப்பாட்டுக்கு முன்' என்று மட்டும் சொல்லி அனுப்பினால், கிளம்பும்போது மாத்திரையைப் போட்டுக்கொண்டு, கரை திரும்பிய பிறகு சாப்பிடுபவரும் உண்டு. நடுக்கடலில் வியர்த்து, கை நடுங்கி, சர்க்கரை இறங்கிவிடும். மாத்திரையை மாற்றுவதா, நேரத்தை மாற்றுவதா என்பது மருத்துவரின் முடிவு. ஆனால் அந்த விவரத்தை அவர் மேசைக்குக் கொண்டுவர உங்களால் முடியும். கூட்ட நேரத்தில் அதைவிடப் பெரிய உதவி எனக்கு யாரும் செய்ததில்லை.

பதில்: பணியில் உள்ள பி.ஏ., புதுச்சேரி

தங்கைக்கு வணக்கம். ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். நோயாளியை மருத்துவரிடம் எடுத்துச் சொல்லும்போது விவரங்களோடு நிறுத்திவிடாமல், 'இது இன்னதாக இருக்கலாம் என்று நினைக்கிறேன், காரணம் இது' என்று உங்கள் முடிவையும் ஒரு வரியில் சொல்லுங்கள். அவர் அதைத் திருத்தும் அரை நிமிடம் தனி வகுப்புக்குச் சமம். பெயரோ ஓ.பி. எண்ணோ இல்லாமல் அதை அன்றே குறிப்பேட்டில் எழுதுங்கள். அதே நோயாளி மறுபடி வரும் நாளில் நீங்களே பார்க்கும்படி கேட்டு வாங்குங்கள். கொடுத்த மருந்து கேட்டதா, கால் வீங்கியதா, பாதியில் நிறுத்தினாரா என்பதெல்லாம் அப்போதுதான் தெரியவரும். அறுவைப் பிரிவில் இந்த வாய்ப்பு நமக்குக் கிடைப்பதில்லை.

பதில்: செவிலியர், பண்ருட்டி

மழைக்காலம் தொடங்கித் தை வரை, முந்திரித் தோப்பிலும் வயலிலும் வேலை செய்பவர்கள் விடாத காய்ச்சலோடு வந்தால், அக்குள், தொடையிடுக்கு, மார்பின் கீழ்மடிப்பு ஆகிய இடங்களைப் பார்க்காமல் அனுப்பக் கூடாது. ஸ்க்ரப் டைஃபஸ் என்ற காய்ச்சலைப் பரப்பும் பூச்சி கடித்த இடத்தில், சிகரெட்டால் சுட்டதுபோல் கறுத்த பொருக்கு இருக்கும். அது வலிக்காது, அரிக்காது. அதனால் நோயாளி தாமாகச் சொல்லமாட்டார். பெண்களிடம் பெண் பணியாளர் உடனிருக்க, திரை போட்டு, எதற்காகப் பார்க்கிறோம் என்று சொல்லிவிட்டுப் பாருங்கள். பொருக்கு இல்லை என்பதால் அந்த நோய் இல்லை என்று முடிவுகட்ட முடியாது. மருத்துவர் சந்தேகப்பட்டு டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாட்டிக் மருந்தைத் தொடங்கினால், பெரும்பாலும் இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கிவிடும்.

கேட்டவர்

மூவருக்கும் மிக்க நன்றி. சர்க்கரை நோயாளிகளின் பாதங்களை நானே பார்க்கலாமா ஐயா?

பதில்: குடும்ப மருத்துவர், கடலூர்

மருத்துவரிடம் சொல்லிவிட்டுத் தாராளமாகப் பாருங்கள். விரலிடுக்குகளை விரித்துப் பாருங்கள். தொடு உணர்வைச் சோதிக்கும் நைலான் இழையான 10 கிராம் மோனோஃபிலமென்ட்டை முதலில் அவர் கையில் தொட்டுக் காட்டிவிட்டு, கண்ணை மூடச் சொல்லி, இழை வளையும் அளவுக்குப் பாதத்தில் அழுத்துங்கள். காய்ப்பு உள்ள இடத்தைத் தவிருங்கள். உணர்வில்லாத இடத்தைச் சீட்டில் படம் வரைந்து குறித்து வையுங்கள்.