ஸ்டீரொயிட் கிறீமை நிப்பாட்டின பிறகு முகம் எரியுதெண்டு வந்தவை: கண்டது, கேட்டது எழுதுங்கோ

கொக்குவில் அலங்காரக்காரி
கலியாணப் பொம்பிளையளுக்கு அலங்காரம் செய்யிறது என்ர தொழில். கொஞ்ச வருசமா றயல் மேக்கப்புக்கு வாற பிள்ளையளின்ர முகத்தில ஒரே விசயத்தைத் திரும்பத் திரும்பக் காணுறன். நீங்கள் கண்டதையும் எழுதுங்கோ. கடைப் பேர், ஆள் பேர் வேண்டாம்.

தை மாசம் ஒரு பிள்ளை தாயோட வந்தா. லேபல் இல்லாத டப்பியில வாற 'வெள்ளைக் கிறீம்' கனகாலமாப் பூசினவவாம். கலியாணத்துக்கு முதல் தோல் ஓய்வெடுக்கட்டும் எண்டு ஆரோ சொல்ல, விட்டிருக்கிறா. ஒரு கிழமைக்குள்ள கன்னம், நாடி, கண்ணைச் சுத்தி எல்லாம் சிவந்து வீங்கிப்போச்சு. பஞ்சை நனைச்சு ஒத்தினாலே “எரியுது அக்கா” எண்டு கையைத் தட்டிவிடுறா. தாய் சொல்லுறா, “உது அலர்ஜி. இடையில ஒருநாள் அந்தக் கிறீமைப் பூசினவள், விடியச் சுகம். நல்ல கிறீம், விட்டதுதான் பிழை.”

எல்லாரையும் விழுத்திறது இந்தக் கணக்குத்தான். பூசினாச் சுகம், விட்டா நெருப்பு. அதால மருந்துதான் வருத்தத்தைப் பிடிச்சு வைச்சிருக்குது எண்டு ஆருக்கும் தோணாது. நான் பவுண்டேசன் போடமாட்டன் எண்டு சொல்லி, டப்பியையும் கொண்டு தோல் டொக்டரிட்டப் போகச் சொன்னன். தாய்க்கு என்னில சரியான கோபம். டொக்டர் கேட்ட முதல் கேள்வியே “என்ன பூசினனீங்கள்?” எண்டதுதானாம்.

சுன்னாகம் பாமசி
நான் பாமசியில நிக்கிறவன். எங்கட கவுண்டரில ஒவ்வொரு நாளும் நடக்கிற கதை இதுதான்:

“அண்ணை, போனமுறை வாங்கின அதே ரியூப்.”
“டொக்டர் எழுதின துண்டு இருக்கோ?”
“பூசுறதுக்கு என்னத்துக்குத் துண்டு? குடிக்கிற மருந்தே?”

துண்டில்லாமல் தரேலாது எண்டு சொன்னா அடுத்த கடைக்குப் போவினம். அங்க கிடைக்கும். அதையும் சொல்லத்தானே வேணும்.

அக்கா சொன்ன 'வெள்ளை'க்குக் காரணம் இருக்கு. உந்தக் கிறீமுகளில அநேகமா ஸ்டீரொயிட் இருக்கும், வீக்கத்தையும் கடியையும் அடக்கிற மருந்து. அது பட்ட இடத்தில தோலின்ர சின்ன இரத்தக் குழாய்கள் சுருங்கும், தோல் வெளிறும். அந்த வெளிறலை வைச்சுத்தான் 1962 இலிருந்து இந்த மருந்துகளின்ர வலுவையே அளக்கினம். மாசக்கணக்கில சுருக்கி வைச்சிட்டுத் திடீரெண்டு விட்டா குழாய்கள் விரிஞ்சு முகம் கொதிக்கும். ஸ்டீரொயிட்டுகளில ஹைட்ரோகோர்ற்றிசோன் மென்மையானது. பீற்றாமெதசோன் வலுக் கூடினது. குளோபெற்றாசோல் எல்லாத்துக்கும் மேல. ரியூப்பில இந்தப் பேர்கள் பொடி எழுத்தில இருக்கும், வாசியுங்கோ. டப்பியில அதுவும் இல்லை. சிலதில பாதரசமும் இருக்கும்.

ஹரோவில இருந்து ஒரு உரும்பிராயான்
எனக்குச் சின்ன வயசிலிருந்து கரப்பான் (எக்சிமா). ஊரிலயும் ஸ்டீரொயிட் பூசினது, லண்டன் வந்தும் பூசினது. ஒவ்வொரு முறையும் முந்தினதைவிட வலுவான ஒண்டு எழுதித் தருவினம். முதலில முழங்கை மடிப்பில மட்டும் இருந்தது, கடைசியில கரப்பானே இல்லாத இடமெல்லாம் சிவந்துது.

நிப்பாட்டின பிறகு வந்தது கரப்பான் இல்லை. கரப்பான் கடிக்கும், சொறியச் சொல்லும். இது எரிஞ்சுது. கை முழுக்கச் சட்டைக்கை போட்டது மாதிரிச் சிவப்பு, மணிக்கட்டில வெட்டினது போல நிக்கும், உள்ளங்கை மட்டும் சாதாரணமா இருக்கும். நீர் வடியும், காயும், தோல் உரியும். விடியப் படுக்கை விரிப்பை உதறினாத் தேங்காய்ப்பூ கொட்டினது மாதிரி. வெயில் காலத்திலயும் குளிரில நடுங்குவன். இரவு நித்திரை இல்லை. வேலைக்கு லீவு போட்டன். அம்மா போனில “ஆரோ கண் வைச்சிட்டினம்” எண்டு சொல்லி நூல் கட்டி அனுப்பினவ. கட்டினனான், அம்மாவுக்காக.

டொக்டர்மாரில சிலர் “இது உங்கட பழைய கரப்பான்தான்” எண்டு திரும்ப அதே ரியூப்பை எழுதினவை. அவையிலும் முழுப்பிழை சொல்லேலாது. கண்டுபிடிக்கத் தனி இரத்தப் பரிசோதனை எண்டு ஒண்டும் இல்லை. 2021 செப்ரெம்பரிலதான் பிரித்தானிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனம் மருந்தை விட்ட பிறகு இப்பிடி ஒரு விலகல் எதிர்விளைவு வருமெண்டு எச்சரிக்கை விட்டது. 2024 இல மென்மை, மிதம், வலு, மிகவலு எண்டு பெட்டியிலயும் ரியூப்பிலயும் போடச் சொன்னவை. இப்ப எனக்குப் பரவாயில்லை. ஆனால் ஒரு நாளில வந்த சுகம் இல்லை, வருசங்கள் எடுத்தது.

கரவெட்டி
எங்கட அப்பு வெங்காயத் தோட்டம். இடுப்பில படர்தாமரை. 'மூண்டும் சேர்ந்தது' எண்டு ஒரு கிறீம், பூஞ்சைக்கும் கிருமிக்கும் மருந்து, கூட ஸ்டீரொயிட்டும். ரெண்டு நாளில கடி நிண்டிடும், விடுவார், திரும்ப வரும், திரும்பப் பூசுவார். வட்டமா இருந்தது வடிவம் கெட்டுத் தொடைக்கும் முதுகுக்கும் பரவிப்போச்சு. டொக்டரே சுரண்டி எடுத்துப் பார்த்துத்தான் படர்தாமரை எண்டு சொன்னவர். இதுவும் இந்தக் கணக்கில வருமோ?

சுன்னாகம் பாமசி
அது வேற, தம்பி. ஸ்டீரொயிட் வீக்கத்தையும் கடியையும் மறைச்சுப் பூஞ்சைக்கு வளர இடம் குடுத்தது. ஆனால் வழி ஒண்டு, துண்டில்லாத ரியூப். இந்தியாவில இது கை மீறிப்போய் 2018 இல 14 பூச்சு ஸ்டீரொயிட்டுகளைத் துண்டுக்கு மட்டும் எண்டு ஆக்கினவை.

சாவகச்சேரி தாய்
நான் மற்றப் பக்கத்தைச் சொல்லுறன், கோவிக்காதேங்கோ. என்ர தங்கச்சி ஒரு வீடியோவைப் பார்த்திட்டு, பிள்ளைக்கு டொக்டர் தந்த கிறீமைத் தொடவே இல்லை. தேங்காயெண்ணெயும் வேப்பிலையும்தான். பிள்ளை சொறிஞ்சு சொறிஞ்சு கிருமி பிடிச்சு, காய்ச்சலோட வாட்டில மறிச்சவை. தந்தது மென்மையான ஹைட்ரோகோர்ற்றிசோன், அதுவும் கொஞ்ச நாளைக்குத்தான். லண்டன் தம்பி படங்களும் போட்டா, அதைப் பார்த்திட்டு இன்னும் எத்தினை தாய்மார் இப்பிடிச் செய்யப்போகினமோ எண்டு பயமாக் கிடக்கு.

ஹரோவில இருந்து ஒரு உரும்பிராயான்
அக்கா, நீங்கள் சொல்லுறது சரி. என்ர படம் போடமாட்டன்.

ஓய்வுபெற்ற தாதி, திருநெல்வேலி
தோல் கிளினிக்கில வேலை செய்தனான். சாவகச்சேரித் தாய் சொன்னதை முதல் வையுங்கோ. சரியான மருந்து, சரியான இடம், சொன்ன நாள். இந்த அளவில பூசின ஆக்களுக்கு இந்த வருத்தம் வந்ததை நான் காணேல்லை. வந்தவை அநேகமா வலுவானதை முகத்திலயோ மறைவிடத்திலயோ மாசக்கணக்கில பூசினவை.

அளவு கேட்பினம். சுட்டுவிரல் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரைக்கும் பிதுக்கினா ஏறக்குறைய அரைக் கிராம், வளர்ந்த ஆளின்ர விரல்களோட சேர்த்து ரெண்டு உள்ளங்கை அளவுத் தோலுக்குக் காணும். எங்கட சனம் நிவியா பூசிறது மாதிரி அப்பும்.

கனகாலம் வலுவானதைப் பூசினவை இண்டைக்கே தூக்கி எறியாதேங்கோ. உடம்பு தானாச் சுரக்கிற ஸ்டீரொயிட்டும் குறைஞ்சிருக்கலாம், திடீரெண்டு விட்டாத் தலைசுத்து, சோர்வு வரும். டொக்டரோட சேர்ந்து படிப்படியாத்தான் விடவேணும். ஸ்டீரொயிட் இல்லாத பூச்சுகளும் இருக்கு. நீர் வடிஞ்சு காய்ச்சல் அடிச்சா அண்டைக்கே ஆசுப்பத்திரிக்குப் போங்கோ.

கொக்குவில் அலங்காரக்காரி
நன்றி அன்ரி. இனி என்ர புக்கிங் கொப்பியில ஒரு கேள்வி சேர்க்கிறன்: “முகத்துக்கு இப்ப என்ன பூசுறீங்கள், எப்ப தொடங்கினது?” மற்ற அலங்காரக்காரரும் கேளுங்கோ. கலியாணத்துக்கு ஆறு மாசம் முதலே கேட்டாத்தான் ஏதும் செய்யலாம். ஒரு கிழமைக்கு முதல் கேட்டு எனக்கும் பிரயோசனம் இல்லை, பிள்ளைக்கும் இல்லை.

கரவெட்டி
டொக்டரிட்டப் போகேக்க பழைய ரியூப் எல்லாம் கொண்டு போகவேணுமோ? அப்பு பாதியை எறிஞ்சிட்டார்.

ஓய்வுபெற்ற தாதி, திருநெல்வேலி
கிடக்கிறதைக் கொண்டு போங்கோ மகன், முடிஞ்ச ரியூப்பும் உதவும். பேர் தெரியிற பக்கத்தைப் போனில படம் எடுத்து வைச்சாலும் காணும்.