பழைய இசையும் புதிய இசையும் சேர்ந்த பியானோ நிகழ்ச்சி: வரிசை குறித்து ஆலோசனை வேண்டும்

அனைவருக்கும் வணக்கம். தனிப் பியானோ நிகழ்ச்சி ஒன்றுக்கு உருப்படிகளைத் தேர்ந்துவிட்டேன். அவற்றை அடுக்கும் வரிசையில்தான் உங்கள் உதவி தேவைப்படுகிறது.

நிகழ்ச்சியின் மையம், ஹங்கேரிய இசையமைப்பாளர் லிகெட்டி 1951 முதல் 1953 வரை எழுதிய ‘மூசிக்கா ரிச்சர்காத்தா’. அதன் முதல் உருப்படி ஏறக்குறைய முழுவதும் ‘ஏ’ என்ற ஒரே சுரத்தில் நடக்கிறது. அந்தச் சுரம் மேல் ஸ்தாயிக்கும் கீழ் ஸ்தாயிக்கும் தாவி, வேகம் கூடிக்கொண்டே போய், முடிவில் மட்டும் ‘டி’யில் வந்து இறங்கும்போது, அதுவரை காத்திருந்த காதுக்குக் கதவு திறந்தாற்போல் இருக்கிறது. அதன்பின் உருப்படிக்கு உருப்படி சுரங்கள் கூடி, 11ஆவதில் 12 சுரங்களும் வந்துவிடுகின்றன. அந்தக் கடைசி உருப்படி, 1643இல் மறைந்த இத்தாலிய இசையமைப்பாளர் ஃப்ரெஸ்கோபால்டிக்கு அஞ்சலியாக எழுதப்பட்டது என்பதால், அவருடைய ரிச்சர்கார் (ஒரே மெட்டைப் பல குரல்கள் ஒன்றையொன்று பின்தொடர்ந்து இசைக்கும் பழைய இசைவடிவம்) ஒன்றையும், பாஹ் 1747இல் வெளியிட்ட ‘இசைக் காணிக்கை’யிலுள்ள மூன்று குரல் ரிச்சர்காரையும் உடன் வாசிக்க விரும்புகிறேன்.

பழையவற்றை முதலில் வாசித்தால், அவை வெறும் முன்னுரையாகச் சுருங்கிவிடுமோ என்று அஞ்சுகிறேன். லிகெட்டியை முடித்த கையோடு, கைதட்டலுக்கு இடம் தராமல் ஃப்ரெஸ்கோபால்டிக்குள் நுழைவதே என் மனம் சாயும் வழி. ஆனால் அவ்வளவு அடர்த்தியான இசைக்குப் பிறகு அந்த மெல்லிய இழைகள் கேட்பவருக்குப் பிடிபடுமா? 11 உருப்படிகளையும் பிரிக்காமல் வாசிக்க வேண்டுமா, இடையிடையே பழையவற்றைக் கோக்கலாமா? இத்தகைய நிகழ்ச்சியை மேடையில் வாசித்தவர்களும் அரங்கில் கேட்டவர்களும் தங்கள் அனுபவத்தைப் பகிர்ந்தால் மிகவும் நன்றியுடையவனாக இருப்பேன்.