ஊரடங்கில் விட்டுப்போன நடைப்பயிற்சி: மீண்டவர்கள் உண்டா?

மெரினாவாசி:
2020 மார்ச் ஊரடங்குக்கு முன்பு விடியற்காலையில் உழைப்பாளர் சிலையிலிருந்து காந்தி சிலை வரை நடப்பேன். கடற்கரையை மூடினார்கள். டிசம்பரில் திறந்தபோது உடம்பு நாற்காலிக்குப் பழகிவிட்டது. வீட்டிலிருந்தே வேலை, மாலையில் முறுக்கு, நள்ளிரவு வரை கைப்பேசி. நோய் போயும் இவை போகவில்லை. வயது 52; சர்க்கரை எல்லையில் நிற்கிறது. வழி சொல்லுங்கள்.

மாடித்தோட்டம்:
அண்ணா, எனக்கு நேர்மாறு! ஓட்டல்கள் மூடியதால் வீட்டுச் சமையல் நிலைத்தது. மொட்டைமாடியில் சுண்ணாம்பால் எட்டு வரைந்து நடக்கத் தொடங்கினேன், இன்றும் நடக்கிறேன். மாமியார் கொடுத்த கபசுரக் குடிநீரை மட்டும் நிறுத்திவிட்டேன். அந்தக் கசப்பு!

செவிலி:
முதலில் தூக்கத்தைச் சரிசெய்யுங்கள் சார். தூக்கம் கெட்டால் பசியும் கெடும். வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உழைப்பு போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல். ஒரே மூச்சில் நடக்கவேண்டியதில்லை. சாப்பிட்டதும் சிறிது நடந்தாலே சர்க்கரை ஏறுவது குறையும். இரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள்.

மெரினாவாசி:
நன்றி அம்மா. இரவு உணவுக்குப் பிறகு தெருமுனை வரை போய்வருகிறேன். முறுக்கு டப்பாவை மனைவியிடம் ஒப்படைத்துவிட்டேன்.