குவில்ட் ஓரப்பட்டி நகராமல் இருக்க என்ன செய்கிறீர்கள்?

நூல்கண்டு:
அம்மாவின் பழைய சுங்குடிச் சேலையில் அக்கா குழந்தைக்கு ஒரு குவில்ட், அதாவது நடுவில் பஞ்சு வைத்துத் தைக்கிற போர்வை, தைத்திருக்கிறேன். 36க்கு 45 அங்குலம். எல்லாம் முடிந்து, சுற்றி ஓரத்தை மூடுகிற ஓரப்பட்டியில் மாட்டிக்கொண்டேன். இரண்டரை அங்குலப் பட்டியை இரண்டாக மடித்து முன்பக்கம் தைத்தாயிற்று. அதைப் பின்பக்கம் திருப்பி, குண்டூசி குத்தி மெஷினில் ஓட்டினால் பட்டி முறுக்கிக்கொள்கிறது. பின்னால் பாதி இடத்தில் தையல் பட்டியிலேயே விழவில்லை. இரண்டு முறை பிரித்துவிட்டேன், இன்னொரு முறை இந்தத் துணி தாங்காது. விரலில் ஊசி குத்தி ஒரு சொட்டு ரத்தமும் பட்டுவிட்டது. வழி சொல்லுங்கள்.

மாடித்தோட்டம்:
ரத்தத்தை முதலில் பாருங்கள். பச்சைத் தண்ணீரில் உடனே அலசுங்கள், வெந்நீர் வேண்டாம், கறை பிடித்துக்கொள்ளும்.

கைத்தையல் அக்கா:
முன்பக்கத் தையல் சரியாக இருந்தால் அதைத் தொடாதீர்கள் தங்கச்சி. பின்பக்கத்தை மட்டும் கையால் ஹெம்மிங் செய்துவிடுங்கள். சேலைத் துணிக்கு அதுதான் பாதுகாப்பு.

குண்டூசி ஏன் ஏமாற்றுகிறது என்றால், ஓரத்தில் மேல் துணி, பஞ்சு, அடித் துணி, அதன்மேல் சுற்றி வரும் பட்டி என்று ஒரே கனம். ஊசி அதற்குள் நுழைந்து வெளியே வரும்போது ஓரம் வளைந்து, மடிப்பு ஒரு நூல் அளவு பின்வாங்கிவிடும். அந்த ஒரு நூல் அளவில்தான் தையல் தவறுகிறது. குண்டூசிக்குப் பதில் கிளிப் மாட்டுங்கள், அது துணியைக் குத்தாமல் கவ்விப் பிடிக்கும். குவில்ட் கிளிப்பில் ஒரு பக்கம் தட்டையாக இருக்கும், மெஷினில் தைக்கும்போது அந்தப் பக்கம் கீழே வரட்டும். துணியை அழுத்திப் பிடிக்கிற மெஷின் காலுக்கு அருகில் வந்ததும் எடுத்துவிடுங்கள்.

அது கிடைக்காவிட்டால் பெண் பிள்ளைகள் தலையில் குத்துகிற, டக்கென்று மடங்கும் தட்டைக் கிளிப் போதும். நான் ஆறு வருடமாக அதைத்தான் வைத்திருக்கிறேன். துரு இல்லாததாகப் பார்த்து எடுங்கள். ஓரம் முழுவதும் மாட்ட வேண்டியதில்லை. மூன்று அங்குலத்துக்கு ஒன்றாகப் பன்னிரண்டு மாட்டி, தைக்கத் தைக்கப் பின்னால் இருப்பதைக் கழற்றி முன்னால் கொண்டுபோங்கள்.

கிளிப்புக்கு முன் ஒரு வேலை இருக்கிறது. முன்பக்கம் தைத்த பட்டியை வெளிப்பக்கமாகத் தள்ளி இஸ்திரி போடுங்கள். பிறகு திருப்பினால் பட்டி தானாகவே போய் உட்காரும். மடிப்பு பழைய தையல் கோட்டைத் தாண்டி ஒரு நூல் அளவு மூட வேண்டும். மூலையில் ஒரு பக்கத்தை முழுக்க மடித்து, அடுத்ததை அதன்மேல் சாய்வாக மடித்து, அங்கே கட்டாயம் ஒரு கிளிப்.

அடுத்த முறை முழுவதும் மெஷினில் என்றால் முதல் தையலைப் பின்பக்கம் போட்டு, முன்பக்கம் திருப்பி முடியுங்கள். கண்ணுக்குத் தெரிகிற பக்கத்தில் தைக்கும்போது கை தவறாது.

பாவாடை நாடா:
நான் பசைதான் வைக்கிறேன். பள்ளிப் பிள்ளைகளின், தண்ணீரில் கரைகிற வெள்ளைப் பசை. தையலுக்கு வெளியே விடுகிற கால் அங்குலத்தில் சின்னச் சின்னப் புள்ளியாக வைத்து, பட்டியை மடித்து, நீராவி இல்லாமல் இஸ்திரிப்பெட்டியைச் சில நொடி வைத்தால் ஒட்டிக்கொள்ளும். துவைத்தால் போய்விடும். மரவேலைப் பசையைத் தொடாதீர்கள், காய்ந்தால் அட்டைபோல் விறைத்துவிடும். பஞ்சு பாலியஸ்டர் என்றால் இஸ்திரிச் சூட்டைக் குறையுங்கள்.

கைத்தையல் அக்கா:
பசை நல்ல வழிதான், ஆனால் கைத்தையலுக்கு வேண்டாம். காய்ந்த இடத்தில் ஊசி இறங்காமல் விரல் வலிக்கும்.

நூல்கண்டு:
அக்கா, நேற்று ராத்திரி தலைக்கிளிப் மாட்டி ஒரு நீளப் பக்கம் முடித்துவிட்டேன். 45 அங்குலத்துக்கு ஒன்றரை மணி நேரம் ஆனது. பின்பக்கம் தையலே தெரியவில்லை, அம்மா தடவித் தடவிப் பார்த்தார்கள். ரத்தக் கறையும் போய்விட்டது. முதல் மூலையில் மட்டும் ஒரு முடிச்சுபோல் தடிப்பாக நிற்கிறது, உள்ளே துணியைக் கொஞ்சம் வெட்டலாமா?

கைத்தையல் அக்கா:
பட்டியை வெட்ட வேண்டாம். உள்ளே இருக்கும் பஞ்சின் முனையை மட்டும் சாய்வாகக் கிள்ளி எடுங்கள். முன்பக்கம் சாய்வு மடிப்பு எந்தப் பக்கம் படுத்திருக்கிறதோ, பின்னால் அதற்கு எதிர்ப்பக்கம் படுக்க வையுங்கள். கனம் இரண்டு பக்கமும் பிரிந்துவிடும்.