பிள்ள பாக்க வர்ற அக்காவுக்கு பிஎஃப் கட்ட முடியுமா?

தக்கலைக்காரி:
நான் நாகர்கோவில்ல பேங்க்ல வேலை, வீட்டுக்காரர் மஸ்கட்ல. மகளப் பாக்க ஒரு அக்கா காலைல எட்டரைக்கு வந்தா சாயந்தரம் ஆறரை வரை இருப்பாவ, மாசம் 12,000 கையிலதான் குடுக்கேன். வயசு 36. நேத்து கேக்காவ, தங்கச்சிக்கு அண்டி ஆபீஸ்ல (முந்திரி ஃபேக்டரி) பிஎஃப் பிடிக்காவளாம், எனக்கு ஒண்ணும் இல்லியான்னு. சட்டப்படி நான் என்னெல்லாம் செய்யணும்?

கணக்கப்பிள்ளை:
வீட்டுக்கு பிஎஃப் கிடையாது, 20 பேர் வேலை பாக்குற இடத்துக்குத்தான், வைத்தியத்துக்கான இஎஸ்ஐக்கு 10 பேர். வருமான வரிக்கு டிடிஎஸ்ஸும் பிடிக்க வேண்டாம், வருஷம் 1,44,000 தானே. ஆனா கூலி விஷயம் பாருங்க, 2018ல தமிழ்நாடு அரசு வீட்டு வேலைக்கு மணிக்கு 37 ரூபான்னு ஆரம்பிச்சு குறைஞ்சபட்ச கூலி வச்சாச்சு, அதுக்கு மேல பஞ்சப்படி ஏறிட்டே இருக்கும். நீங்க பத்து மணிநேரம், மாசம் 26 நாள்னா மணிக்கு 46 ரூபாதான் குடுக்கிய. இப்ப உள்ள ரேட்ட லேபர் ஆபீஸ்ல கேட்டுருங்க, பத்தாதுன்னுதான் தோணுது.

வேணாட்டான்:
எதுக்கு வம்பு? பேப்பர் எழுதினா நாளைக்கு யூனியன் வந்து நிக்கும். எங்க வீட்டுல கிறிஸ்மஸுக்கு சேலையும் ஒரு மாச சம்பளமும், சவேரியார் திருவிழாவுக்கு லீவு, அவ்வளவுதான்.

குலசேகரம் டீச்சர்:
யூனியன் வந்தா என்ன அண்ணே, கடிச்சிருமா? சேலைய வச்சு வயசான காலத்துல கஞ்சி குடிக்க முடியாதுல்லா.
தங்கச்சி, வீட்டுப் பணியாளர் நலவாரியம் 2007ல இருந்தே இருக்கு, அதுல பதிஞ்சு குடுங்க, பிள்ளைங்க படிப்புக்கு உதவி, 60 வயசானா பென்ஷன் எல்லாம் உண்டு. அப்புறம் மத்திய அரசோட பென்ஷன் திட்டம் ஷ்ரம் யோகி மான்தன், அது 40 வயசுக்குள்ள சேரணும், மாச வருமானம் 15,000 தாண்டக்கூடாது. 36 வயசுக்கு மாசம் 160 ரூபா, அதே அளவு அரசாங்கமும் போடும், 60க்கு அப்புறம் மாசம் 3,000 வரும். அந்த 160ஐ வேலை குடுக்கிற நீங்களே கட்டலாம், 2022ல இருந்து அதுக்கு வழி இருக்கு. வருஷத்துக்கு 20 ரூபா விபத்து இன்சூரன்ஸ பத்தி பேங்க்ல இருக்கிற உங்களுக்கு நான் சொல்லணுமா? சம்பளத்த அக்கவுண்ட்ல போடுங்க, ரெண்டு பேருக்கும் கணக்கு இருக்கும்.

தக்கலைக்காரி:
சம்பளம் ஏத்தியேன், 160ம் நானே கட்டியேன். ஆனா அக்கவுண்ட்னா வேண்டாம்னு சொல்லுகாவ, ஏடிஎம் கார்டு அவிய மாப்பிள்ள கையிலயாம்.

குலசேகரம் டீச்சர்:
அப்ப உங்க பிராஞ்ச்லயே அக்கா பேருக்கு புதுசா ஒண்ணு தொறந்து குடுங்க, கார்டு வாங்காம பாஸ்புக் மட்டும் போதும்.