ரோமில் ஒரே நாள்: வாடிகனும் கொலோசியமும் சேர்த்து முடியுமா?

தூரதேசி:
ஏப்ரலில் இத்தாலி போகிறோம். நான், கணவர், என் அம்மா (64 வயது, இடது முழங்காலில் வலி). ரோமுக்குக் கிடைத்தது ஒரே ஒரு செவ்வாய்க்கிழமை. காலை ஒன்பது மணிக்கு ஃப்ளாரன்ஸ் ரயிலில் தெர்மினி நிலையத்தில் இறங்குவோம், மறுநாள் விடியற்காலை விமானம். காலையில் வாடிகன் அருங்காட்சியகம், மதியம் கொலோசியம், சாயங்காலம் திரெவி நீரூற்று என்று கணவர் அட்டவணையே போட்டுவிட்டார். படிக்கும்போதே எனக்கு மூச்சு வாங்குகிறது. போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

மூட்டைமுடிச்சு:
தாராளமாக முடியும், நானே செய்திருக்கிறேன். தெர்மினியில் பெட்டியை வைத்துவிட்டு மெட்ரோ ஏ லைனில் ஒத்தவியானோவில் இறங்குங்கள். பத்தரைக்கு வாடிகன். ஒன்றரைக்கு வெளியே வந்து, அதே லைனில் தெர்மினி திரும்பி, பி லைனுக்கு மாறினால் இரண்டாவது நிறுத்தம் கொலோசியம். மூன்றரைக்கு உள்ளே இருப்பீர்கள். இரண்டுக்கும் முன்பதிவு மட்டும் கட்டாயம்.

சாவகாசம்:
நானும் இதே அட்டவணையில்தான் ஓடினேன். அந்த அருங்காட்சியகத்தில், விதான ஓவியத்துக்குப் பேர்போன சிஸ்டைன் சிற்றாலயம் கடைசியில் வரும். அதற்கு முன்னால் கூடம் கூடமாக, தோளோடு தோள் உரசிக்கொண்டு நகர வேண்டும். நின்று பார்த்தால் பின்னால் வருபவர் முட்டுவார். சிற்றாலயத்துக்குள் போனதும் "பேசாதே, படம் எடுக்காதே" என்று காவலர்கள் அதட்டிக்கொண்டே இருந்தார்கள். பதினைந்து நிமிடம் அண்ணாந்து பார்த்தேன். இன்று நினைவிருப்பது கழுத்து வலி மட்டும்.

முழங்கால் வலியோடு வருகிறவரை அங்கே நடத்திக் கூட்டிப் போகாதீர்கள். நவோனா சதுக்கம், பழைய ரோமானியக் கோயிலான பாந்தியன், திரெவி மூன்றும் ஒன்றுக்கொன்று பத்து நிமிட நடை. அதை மட்டும் நிதானமாகப் பாருங்கள், போதும்.

மூட்டைமுடிச்சு:
இதுதான் எனக்குப் புரியவே இல்லை. எல்லாவற்றையும் பார்த்து முடித்தவர்கள்தான் அடுத்தவருக்கு "பார்க்கத் தேவையில்லை" என்று சொல்வார்கள்! அந்த அம்மா இன்னொரு முறை ரோமுக்கு வருவாரா? 1508 முதல் 1512 வரை, நான்கு வருடம், மைக்கலாஞ்சலோ சாரத்தில் நின்றபடி தலையைப் பின்னால் சாய்த்து வரைந்த விதானம் அது. படுத்துக்கொண்டு வரைந்தார் என்பதெல்லாம் கதை. உடம்பு கோணிப்போனதை அவர் கவிதையாகவே எழுதிப் புலம்பியிருக்கிறார். அவர் நான்கு வருடம் தாங்கினார், நீங்கள் பதினைந்து நிமிடத்துக்கே இப்படியா?

சாவகாசம்:
அவருக்குக் கூலி கொடுத்தார்கள் ஐயா, நான் டிக்கெட் வாங்கிப் போனேன்.

ரயில்பூச்சி:
சண்டைக்கு நடுவே இரண்டு நடைமுறை விஷயம். கொலோசியம் டிக்கெட்டில் பெயர் அச்சாகும், பாஸ்போர்ட்டோடு ஒத்துப்போக வேண்டும். 18 யூரோ டிக்கெட்டிலேயே பக்கத்தில் இருக்கும் பழைய ரோமின் இடிபாடுகளான ஃபோரமும் பாலத்தீன் குன்றும் அடக்கம். வாசலில் "வரிசையில் நிற்க வேண்டாம்" என்று கூப்பிடுகிறவர்களிடம் வாங்காதீர்கள். அப்புறம், தெர்மினியிலிருந்து வாடிகன் பக்கம் போகும் 64-ஆம் எண் பஸ்ஸில் பையை முன்பக்கம் மாட்டிக்கொள்ளுங்கள். என் கைப்பேசி அதில்தான் போனது.

இன்னொன்று. வாடிகன் என்றாலே அருங்காட்சியகம் என்று இரண்டு பேரும் பேசுகிறீர்கள். புனித பீட்டர் பேராலயம் தனி வாசல், கட்டணமே கிடையாது. பாதுகாப்புச் சோதனை வரிசை மட்டும் உண்டு. உள்ளே போனதும் வலது பக்கம் முதலில் மைக்கலாஞ்சலோவின் பியெத்தா. இறந்த மகனை மடியில் கிடத்திய மாதா. 1972-இல் ஒருவன் சுத்தியலால் அடித்துச் சிதைத்ததிலிருந்து கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிறது. புதன்கிழமை காலை என்றால் போப்பின் பொதுச் சந்திப்பு, வேறு கதை. செவ்வாய்க்கிழமை பிரச்சினை இல்லை. தோளும் முழங்காலும் மறைந்திருக்க வேண்டும்.

தூரதேசி:
ஓ, இது தெரியாது. கொலோசியத்துக்குள் அம்மா ஏற முடியுமா? படிகள் செங்குத்து என்று கேள்விப்பட்டேன்.

ரயில்பூச்சி:
செங்குத்துதான், ஆனால் நடக்கச் சிரமப்படுகிறவர்களுக்கு லிஃப்ட் இருக்கிறது, கேளுங்கள். ஃபோரத்தை அம்மாவுக்கு விட்டுவிடலாம். பழைய கற்பாதை, மேடும் பள்ளமுமாக முழங்காலைக் கொன்றுவிடும்.

சாவகாசம்:
கொலோசியத்தை வெளியிலிருந்து பார்த்தாலே பாதி பார்த்த மாதிரி. சுவர் முழுக்க அம்மை வடு போலக் குழிகள் இருக்கும், கவனியுங்கள். கற்களைப் பிணைத்திருந்த இரும்புக் கவ்விகளை இடைக்காலத்தில் தோண்டி எடுத்துக்கொண்டு போன தடம்.

மூட்டைமுடிச்சு:
மீதிப் பாதி உள்ளே இருக்கிறது! தரையில்லாமல் திறந்து கிடக்கும் நிலவறைச் சுவர்களைப் பார்த்தால்தான், அரங்கில் சண்டைக்கு விட மிருகங்களை எப்படிக் கூண்டோடு மேலே ஏற்றினார்கள் என்பது விளங்கும். கி.பி. 80-இல் திறந்த கட்டடத்தின் வாசல் வரை போய்க் குழி எண்ணிவிட்டுத் திரும்பச் சொல்கிறார் இவர்.

சாவகாசம்:
சரி, கொலோசியத்தை விட்டுக்கொடுக்கிறேன். அருங்காட்சியகம் வேண்டாம் என்பதை விட்டுக்கொடுக்க மாட்டேன். அந்த மூன்று மணி நேரத்தில் என்னவெல்லாம் கிடைக்கும் தெரியுமா? நவோனா சதுக்கத்தில் சிற்பி பெர்னினியின் நான்கு நதிகள் நீரூற்று. நான்கில் ஒன்று நம் கங்கை! அங்கே கங்கை தாடி வைத்த ஆண், கையில் நீளமான துடுப்பு. கங்கை மாதா என்று கும்பிடுகிற அம்மாவிடம் காட்டிப் பாருங்கள், என்ன சொல்கிறார் என்று எனக்கும் எழுதுங்கள்.

இரண்டு தெரு தள்ளி சான் லுயிஜி தேவாலயத்தில் ஓவியர் கரவாஜ்ஜோ வரைந்த புனித மத்தேயுவின் மூன்று ஓவியங்கள் இலவசம். ஓரமாக ஒரு பெட்டி இருக்கும், காசு போட்டால் விளக்கு எரியும், சற்று நேரத்தில் அணைந்துவிடும். அடுத்த காசை யார் போடுவது என்று இருட்டில் எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். மதியம் மூடிவிடுவார்கள், பன்னிரண்டுக்குள் போங்கள். பாந்தியனுக்கு இப்போது டிக்கெட் உண்டு. மழை பெய்தால் கட்டாயம் போங்கள், கூரையின் நடு வட்டம் திறந்தே இருப்பதால் உள்ளேயும் பெய்யும். ஆனால் பாந்தியன் முன்னால் இருக்கும் சதுக்கத்தை ஒட்டிய மேசைகளில் உட்கார்ந்து சாப்பிடாதீர்கள். பில்லைப் பார்த்து என் கணவர் அரை மணி நேரம் பேசவே இல்லை.

தூரதேசி:
வீட்டில் பஞ்சாயத்து முடிந்தது. அம்மாவிடம் கேட்டேன். கான்வென்ட்டில் படித்தபோது வகுப்பறைச் சுவரில் அந்த மாதா சிலையின் படம் இருந்ததாம், அதைப் பார்த்தே ஆக வேண்டுமாம். அதனால் காலையில் நேராகப் பேராலயம், பியெத்தா. அங்கிருந்து டாக்ஸியில் நவோனா, கங்கை, முடிந்தால் அந்தக் காசுப் பெட்டி. நான்கு மணிக்குக் கொலோசியம், லிஃப்ட். அருங்காட்சியகம் இல்லை. கணவர் கொஞ்சம் முறைப்பாக இருக்கிறார், திரெவியைக் கொடுத்துச் சமாளிக்கிறேன்.

மூட்டைமுடிச்சு:
பேராலயம் வாடிகனில்தானே இருக்கிறது? வாடிகன் பிளஸ் கொலோசியம், ஒரே நாளில். நான் முதலிலேயே சொன்னேன்.

சாவகாசம்:
அருங்காட்சியகம் இல்லாத வாடிகன் உங்கள் கணக்கில் வராது. செல்லாது, செல்லாது.

ரயில்பூச்சி:
சில்லறைக் காசு எடுத்துப் போங்கள் அம்மா. விளக்குப் பெட்டிக்கு.