சஹாராவின் தூசி வீட்டுக்குள் வந்த நாள்

2020 ஜூன். நாங்கள் அப்போது கரீபியன் தீவான புவேர்ட்டோ ரிக்கோவில், சான் ஹுவானில் இருந்தோம். 22ஆம் தேதி காலையில் எழுந்து பார்த்தால் கடலே தெரியவில்லை. மழை வரப்போகிறது என்றுதான் நினைத்தேன். ஆனால் மேகம் என்றால் அதற்கு ஒரு உருவம் இருக்கும் அல்லவா, இதற்கு அது இல்லை. வானம் முழுக்க ஒரே வெளுப்பு. ஒரே புழுக்கமாக இருந்ததால் ஜன்னல்களை எல்லாம் திறந்து வைத்தேன். அந்தத் தவறை இன்னும் மறக்க முடியவில்லை.

என் மகனுக்கு அப்போது ஏழு வயது, ஆஸ்துமா உண்டு. மதியமே இருமல் ஆரம்பித்தது. இரவில் நெஞ்சுக்குள் விசில் சத்தம். ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்புகளுக்கு நடுவே தோல் உள்ளே போய்ப் போய் வந்தது. இன்ஹேலர் கொடுத்து, மூச்சு சீரான பிறகுதான் எனக்கு உயிர் வந்தது.

மறுநாள் பக்கத்து வீட்டு அம்மா 'போல்வோ டெல் சஹாரா' என்றார். சஹாராவின் தூசி. கோடைதோறும் வருவதுதான், ஆனால் இவ்வளவு அடர்த்தியாகத் தானும் பார்த்ததில்லை என்றார். பால்கனி மேசையை விரலால் தேய்த்துப் பார்த்தேன். மணல் மாதிரி நறநறவென்று இல்லை. முகப்பவுடர் மாதிரி வழுவழுப்பாக, வெளிர் பழுப்பில் விரல் ரேகைக்குள் போய் ஒட்டிக்கொண்டது. பெரிய துகள்கள் வழியிலேயே கடலில் விழுந்துவிடுமாம். அட்லாண்டிக்கைத் தாண்டி வந்து சேருவது இந்த மெல்லிய தூள்தான். நுரையீரலுக்குள் இறங்குவதும் இதேதான்.

பாலைவனத்தின் சூடான காற்று தூசியை அள்ளிக்கொண்டு எழுந்து, கடல்மேல் இருக்கும் ஈரக்காற்றுக்கு மேலே ஏறிக்கொள்கிறது. சுமார் ஒன்றரை கிலோமீட்டர் உயரத்தில் தொடங்கி ஐந்தாறு கிலோமீட்டர் வரை ஒரு வறண்ட அடுக்காக மேற்கே நகர்ந்து, ஒரு வாரத்துக்குள் கரீபியனுக்கு வந்துவிடுகிறது. அங்குள்ள பார்படோஸ் தீவில் ஜோசப் புரோஸ்பெரோ என்ற விஞ்ஞானி 1965லேயே இதை அளக்கத் தொடங்கிவிட்டார். எனக்கு மட்டும் பிள்ளை மூச்சுக்குத் திணறிய பிறகுதான் தெரிந்தது.

இப்போது கோடை வந்தால் தினமும் பிஎம்10 அளவை, அதாவது காற்றில் மூச்சோடு உள்ளே போகக்கூடிய நுண்தூசி எவ்வளவு என்பதைப் பார்க்கிறேன். உலக சுகாதார அமைப்பு சொல்லும் 24 மணி நேர வரம்பு, கன மீட்டருக்கு 45 மைக்ரோகிராம். அதைத் தாண்டினால் ஜன்னலைச் சாத்திவிடுவேன், விளையாட்டு வீட்டுக்குள்தான். ஆஸ்துமா உள்ள குழந்தை இருந்தால் தயவுசெய்து நீங்களும் பாருங்கள்.

*

அக்கா, நீங்கள் எழுதியதைப் படித்தேன். அந்தத் தூசி புறப்படும் பக்கத்தில் நான் இருந்திருக்கிறேன். கப்பலில் வேலை. ஒரு ஜனவரியில், ஆப்பிரிக்காவுக்கு மேற்கே இருக்கும் கேப் வெர்டே தீவுகளை ஒட்டிப் போனோம். காலையில் டெக்குக்கு வந்தால் வெள்ளைக் கம்பிகள் எல்லாம் துருப்பிடித்த நிறம். இரவு ஈரத்தில் தூசி குழம்பி, கை வைத்த இடமெல்லாம் சேறு. ஏசிக்குக் காற்று இழுக்கும் வழியில் இருந்த ஃபில்டரைக் கழற்றி உதறினேன், எதிரே நின்றவர் முகம் தெரியவில்லை. 1832 ஜனவரியில் இதே தீவுகளை நெருங்கும்போது, பீகிள் கப்பலின் பாய்மர உச்சியில் இருந்த காற்றுகாட்டியின் வலைத்துணியில் படிந்த தூசியை டார்வின் ஒரு சின்னப் பொட்டலமாகச் சேர்த்து வைத்தாராம். குளிர்காலத்துத் தூசி தென் அமெரிக்கா பக்கம் போகிறது. அமேசான் காட்டு மண்ணுக்குப் பாஸ்பரஸ் கொண்டுபோய்ச் சேர்ப்பதும் அதுதான்.

எனக்கு இரண்டு நாள் தொண்டை கரகரத்தது, அவ்வளவுதான். உங்கள் மகனுக்கு இப்போது எப்படி இருக்கிறது அக்கா?